சி, ஜாவா, பைத்தான், சல்லடை

கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவனிடம் யாரும் பாடத்தைப் பற்றிக் கேட்பதில்லை, "மொதல்ல எந்த லாங்குவேஜ் படிக்கணும்?" என்பதை மட்டும் ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரி கேட்பார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சகாக்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

நாலு மணி பஸ்சு

சிலமலையிலிருந்து ஒரு விவசாயி, டிகிரி முடித்த மகள் ரஞ்சிதாவோடு வந்து அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சி படித்தால் அஸ்திவாரம் பலம், ஜாவா என்றால் பெரிய கம்பெனி, பைத்தான் சுலபம் என்று அரை மணி நேரம் போர்டில் படம் போட்டு விளக்கினேன். ரஞ்சிதா பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, இம்புட்டும் தெரிஞ்சிருந்தா அவ எதுக்கு இங்க வர்றா? ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்க, நாலு மணி பஸ்சு போயிரும்."

வாரம் ஒரு வண்டி

ஒன்றைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. ரஞ்சிதாவையும் சேர்த்துப் பதினோரு பேருக்கு சி-யில் தொடங்கினேன். யாரோ ஒருவரின் பெங்களூரு மச்சான் போனில் ஜாவா என்றார்; மாறினேன். இன்னொருவரின் அத்தை மகன் வேறொன்று சொன்னார், அதற்கும் மாறினேன். கடைசியில் ரஞ்சிதாவோடு சேர்த்து மிஞ்சியது மூன்று பேர். இந்த மாதமும் ஆள் சேராவிட்டால் மாடியை வேறு ஆளுக்கு வாடகைக்கு விடப்போவதாக அதன் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். வேறு தொழில் எதுவும் எனக்குத் தெரியாது.

மிஞ்சியவர்களில் ஒருவர் கண்ணன். காலையில் தோட்ட வேலைக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப்போய் மலையில் இறக்கிவிட்டு, மதியம் வகுப்புக்கு வருவார். அவர் சொன்ன புத்திக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

"அண்ணே, வண்டி பழகுறவன வாரத்துக்கு ஒரு வண்டியில ஏத்துனா அவன் எப்பண்ணே போடிமெட்டு மலை ஏறுவான்? ஒரே வண்டியக் குடுங்க, மத்ததெல்லாம் தன்னால வரும்."

பெரிய கண்ணுச் சல்லடை

பைத்தான் என்று முடிவு கட்டினேன். ஏலக்காயை அளவு பார்த்துத் தரம் பிரிக்கும் புரோகிராம் ஒன்றைப் போர்டில் எழுதினேன். ஆறு எம்.எம்.முக்கு மேல் இருந்தால் மூன்றாம் தரம். இல்லையென்றால் ஏழுக்கு மேலா என்று பார், இரண்டாம் தரம். அதுவும் இல்லையென்றால் எட்டுக்கு மேலா என்று பார், முதல் தரம். ஓட்டினால், குண்டுக் காய் எல்லாமே மூன்றாம் தரம் என்று வந்தது.

நான் தப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ரஞ்சிதாவின் அம்மா பாண்டியம்மா வந்து நின்றார். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் சலித்துத் தரம் பிரிப்பவர். மூன்று மாதமாக மகள் எதையும் உருப்படியாகப் படிக்கவில்லை என்று நிறுத்திக் கூட்டிப்போக வந்திருந்தார். போர்டில் என்ன இருக்கிறது என்று மகளைக் கேட்டார். அவள் வரி வரியாகச் சொல்லச் சொல்ல அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சின்னக் கண்ணுச் சல்லடைய மொதல்ல பிடிச்சா குண்டுக் காயும் அதுலயேதான நிக்கும், தம்பி? பெரிய கண்ண மொதல்ல வைங்க."

எட்டை மேலே ஏற்றி, ஆறைக் கீழே இறக்கினேன். குண்டுக் காய் முதல் தரத்தில் போய் உட்கார்ந்தது. இத்தனை வருடம் படித்த என் கண்ணில் படாத தப்பு. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது, கும்பிட்டே விட்டேன். மகளைக் கூட்டிப்போக வந்தவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இம்புட்டுத்தானா? அப்ப எனக்கும் ஒரு சேரு போடுங்க. கடையில இன்னும் நாலு பொம்பளைக இருக்காளுக, அவளுகளையும் கூட்டியாறேன்."

மாடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முதல் லாங்குவேஜ் எது என்று யாராவது கேட்டால் பைத்தான் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு, மேற்கொண்டு சந்தேகத்துக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாண்டியம்மாவைக் கைகாட்டிவிடுகிறேன்.