பிரேக் விளக்கு பத்தல

முப்பத்தைந்து வயதில் ஓய்வூதியம் வாங்குகிறவனுக்கு ஊரில் பெரிய மரியாதை கிடையாது. ராணுவ வண்டிகளுக்குப் பதினேழு வருடம் மின்வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும், ஓடாத மிக்ஸியைக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறார்கள். நான் முறைப்படி முதலில் பிளக்கைப் பார்ப்பேன், பிறகு ஒயர், பிறகு சுவிட்ச். அதற்குள் அவர்கள் பொறுமையிழந்து மிக்ஸியை ஒரு தட்டு தட்டுவார்கள். அது ஓடும். என் முதல் பழுதுநீக்கமும் எந்த முறைக்கும் கட்டுப்படாமல் ஜெயித்ததுதான்.

அப்போது கூக்கால் என்ற எங்கள் மலைக்கிராமத்தில் எனக்குப் பத்து வயது. செல்போன் எப்படியிருக்கும் என்று பார்க்கவே கொடைக்கானலுக்கு பஸ் ஏறவேண்டிய காலம். அம்மாவின் தம்பி, என் மாமா, டிராக்டரும் டிரெய்லரும் வைத்து ஊர்ப் பூண்டையும் உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த வருடம் கீழே சமவெளியில் கரும்பு ஏற்ற நான்கு மாத வேலை அமைந்தது. மலைப்பாதையில் பகலிலேயே விளக்குப் போடவைக்கும் மூடுபனி. பிரேக் விளக்கு எரியாத டிரெய்லரைச் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

பிரேக் விளக்கைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டிலிருந்து மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று எரிகிறதா என்று கத்தவேண்டும். முதலில் அந்தப் பதவி என்னுடையது. சிவப்புக் கண்ணாடியில் வெயில் பட்டாலே "எரியுது மாமா!" என்று குதித்ததால் பதவி பறிபோனது. என் இடத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா நியமிக்கப்பட்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவர்களுடையது. அக்கா தையல் மிஷின் வைத்திருந்தார். மாமாவின் டிராக்டர் சீட்டுக்கு மெரூன் நிற ரெக்சினில் உறை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். அது அழுக்காகிவிடும் என்று மாமா ஒரு வாரம் அதன்மேல் துண்டை விரித்துத்தான் உட்கார்ந்தார்.

புதன்கிழமை மாலை, பிளக்கில் கழன்றிருந்த ஒயரைப் பூட்டியதுமே விளக்கு எரிந்துவிட்டது. மாமா அதோடு நிறுத்தியிருக்கலாம். அக்காவுக்கு விளக்கவும் செய்தார்.

"இந்தக் கறுப்பு ஒயருதாங்க எர்த்து. இது வண்டி இரும்பத் தொடலைன்னா அம்புட்டும் சோலி முடிஞ்சுரும்ங்க."

எங்களையெல்லாம் 'ஏலே' என்பவர் அக்காவுக்கு மட்டும் 'ங்க' வைத்திருந்தார்.

வியாழக்கிழமை விளக்கு எரியவில்லை. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக முனகியது. பிரேக் விளக்கோ சாம்பலுக்குள் கிடக்கும் கங்கு போலிருந்தது.

"இப்பத் தெரியுதாங்க?" என்று மாமா சீட்டிலிருந்து கேட்பார்.

"பத்தல!" என்பார் அக்கா.

அவர்கள் பேச்சில் விளக்கு எரிந்தால் 'பத்துது', எரியாவிட்டால் 'பத்தல'. எங்கள் பேச்சில் பத்தல என்றால் போதவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தா எங்கள் அகராதியைத்தான் புரட்டினார்.

"ஏலே, அந்தப் புள்ள பத்தலங்குது, காதுல விழலையா? வெரசாப் பெரிய பல்பா வாங்கி மாட்டு!"

மாட்டினார். "பத்தல!" தடித்த ஒயர் இழுத்தார். "பத்தல!" வெள்ளிக்கிழமை புது பேட்டரியே வந்து இறங்கியது.

"இன்னும் பத்தலையாம்ப்பா" என்றார் மாமா. அவர் முகத்தில் கவலை இருந்திருக்க வேண்டும், எனக்குத் தென்படவில்லை.

"வேற என்னத்தலே குடுக்கிறது அதுக்கு? கரண்டு கம்பத்தப் புடுங்கிட்டு வரவா?"

அக்கா சிரித்தார். மாமா தேவையே இல்லாமல் இன்னொரு தரம் மிதித்தார்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. விளக்கு எரிந்தால் கொடைக்கானல்வரை சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போவதாக மாமா சொல்லியிருந்தார். எரிகிற வழியாக இல்லை. கோபத்தில் டிரெய்லருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். தலைக்குமேல் கறுப்பு ஒயர், தகட்டுக்குப் பின்னால் செருகிக் கிடந்தது. இழுத்தேன், வந்தது. அதன் நுனியில் மெரூன் ரெக்சினில் ஒரு குட்டி உறை. மூன்று பக்கமும் மிஷின் தையல், பிசிறில்லாத வேலை. கூக்கால் குளிரில் ஆட்டுக்குட்டிக்கே சாக்குச் சட்டை மாட்டுவோம். ஒயருக்கும் குளிருமென்று போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். உறை என் கட்டைவிரலுக்கு அளவெடுத்தது போலிருந்தது. அதை உருவி விரலில் மாட்டிக்கொண்டேன். ஒயரைக் கழற்றிப்போட்டதற்குத் திட்டு விழுமே என்ற பயத்தில், பக்கத்திலிருந்த போல்ட்டில் அதைக் கோத்து நட்டைத் திருகினேன்.

மேலே மாமா நூறாவது தடவையாக மிதித்தார். பெரிய பல்பு, தடித்த ஒயர், புது பேட்டரி எல்லாம் ஒரே நேரத்தில் வேலைக்கு வந்தன. பின்பக்கத் தரையெல்லாம் சிவந்துவிட்டது.

பிறகு, பக்கத்திலிருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பத்துது" என்றார் அக்கா.

"என்னலே பண்ணித் தொலைச்ச?" மாமா குனிந்து பார்த்தார்.

"கறுப்பு ஒயரு கழண்டு கெடந்துச்சு மாமா. மாட்டுனேன்."

தூக்கிச் சுற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஏதோ துக்கச் செய்தி கேட்டவர்போல டயரில் சாய்ந்து நின்றார். அக்காவிடமாவது விரலைக் காட்டிப் பெருமைப்படலாம் என்று போனேன். அவர் உறையை உருவி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"தம்பி, இத நான் வச்சுக்கிறன். மாமாகிட்ட சொல்ல வேணாம், என்ன?"

விளக்கை எரியவைத்தவனுக்குக் கிடைத்த ஒரே பரிசும் அப்படிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே மாமா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, தாத்தாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். விளக்கு எரிந்த சேதியைச் சொல்ல வெற்றிலைத் தட்டு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் மாமா கிளம்பினார், கொடைக்கானல்வரை என்னையும் ஏற்றிக்கொண்டு. கரும்பு முடிந்து அவர் திரும்பி வந்ததும் கல்யாணம். அக்காவை அத்தை என்று கூப்பிட என் வாய்க்கு ஒரு வருடம் பிடித்தது.

கடைசிவரை தாத்தா எல்லாப் பெருமையையும் புது பேட்டரிக்கே கொடுத்தார். நட்டு தானாகத் தளர்ந்தது என்று மாமா இன்றும் சொல்கிறார். அத்தை குனிந்து சாம்பார் ஊற்றுகிறார்.

எர்த்து என்றால் என்னவென்றே அன்று எனக்குத் தெரியாது. அது பரவாயில்லை, பிறகு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னாலிருந்து மூன்று நாள் கேட்ட அந்த 'பத்தல'வுக்குச் சரியான பொருளை எடுத்துக்கொண்டவர் தாத்தா ஒருவர்தான் என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவருக்கும்தான்.