சுருட்டாத துக்கப் பாய்

பாகிஸ்தான் பஞ்சாபில் எங்கள் போட்டோஹார் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போயிருப்பார். ஜஹான் தாதும் போனார். ஆனால் அவர் கை துப்பாக்கியைப் பிடித்ததைவிட பூட்ஸைப் பிடித்ததுதான் அதிகம். துராப் கான் என்ற இளம் கேப்டனுக்கு அவரை ஆர்டர்லியாகப் போட்டார்கள். கேப்டன் மேஜரானார், கர்னலானார், பிரிகேடியரானார். ஜஹான் தாத் ஆர்டர்லியாகவே இருந்து ஓய்வு பெற்றார்.

என் மாவு மில்லுக்கு எதிர் வீடு அவருடையது. மில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் வேறு பேச்சே கிடையாது. சாஹிபுக்கு டீயில் இஞ்சி ஆகாது. சாஹிப் தப்பாகவே சொன்னாலும் நாலு பேர் முன்னால் மறுக்கக் கூடாது. “அதிகாரியத் திருத்துறது ஆர்டர்லி வேல இல்லப்பா” என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஒரே மகன் ஸஜாவல். அவனையும் பட்டாளத்தில் சேர்த்தார். அப்போது துராப் கான் ஜெனரலாகி ஒரு டிவிஷனையே கையில் வைத்திருந்தார். ஒரு டின் நெய்யோடு நேரில் போய், பையனைத் தன் படையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டு வந்தார் ஜஹான் தாத். “சாஹிப் நிழல்ல இருப்பான்” என்று மனைவி ஸாபிராவிடம் சொன்னார். அவளுக்கு அதில் இஷ்டமில்லை.

அவனைப் பனிமலையில் ஒரு காவல் முகாமில் போட்டார்கள். குளிர்காலம் முடிவதற்குள் கொடி போர்த்தி அனுப்பிவிட்டார்கள். பனிச்சரிவு. ஆட்களைக் கீழே இறக்கட்டுமா என்று முகாமிலிருந்து கேட்டதாகவும், மேலிடம் கூடாது என்றதாகவும் கூட இருந்த பையன்கள் சொன்னார்கள். மேலிடம் என்றால் யார் என்று அவர்கள் சொல்லவில்லை. ஜஹான் தாதும் கேட்கவில்லை.

மவுத்து வீட்டில் மூன்று நாள் முற்றத்தில் பாய் விரித்து வைப்போம். வருகிறவர்கள் உட்கார்ந்து, இறந்தவருக்காகக் கையேந்திப் பாத்திஹா ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்து போவார்கள். யார் யாரோ வந்தார்கள். ஜெனரல் வரவில்லை. நான்காம் நாள் பாயைச் சுருட்டப் போன ஸாபிராவை ஜஹான் தாத் தடுத்தார்.

“சாஹிப் வந்து நம்ம பையனுக்கு ஓதட்டும். அப்புறம் சுருட்டலாம்.”

அன்று முதல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்தப் பாயை விரித்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். பாயின் விளிம்பு பிய்ந்து, நிறம் போய்விட்டது. “சாச்சா, உங்க ஜெனரலுக்குப் பதிலா என் கோழிதான் வாராவாரம் வந்து உக்காந்துட்டுப் போகுது” என்று கேலி பேசுவான் நாவிதன் நூர் தீன். அவர் கோழியை விரட்டிவிட்டுப் பாயைத் தட்டிப் போடுவார். அழுது நான் பார்த்ததில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜெனரலுக்குத் தலைக்கு மேல் வேலை. பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபோது மந்திரியானார். ஆட்சி போனதும் சீருடையை மறந்து ஜனநாயகத்தைக் காக்கக் கிளம்பிவிட்டார். ஒரு கட்சியில் கடிகாரச் சின்னம், அடுத்த கட்சியில் குடை. கடைசியில் யாரும் சீட்டு கொடுக்காமல் சுயேச்சையாக வாளிச் சின்னத்தில் எங்கள் தொகுதியில் வந்து நின்றார். தேர்தல் வந்தால் இங்கே வேட்பாளர்களுக்கு முதல் வேலை பாத்திஹாதான். ஐந்து வருஷமாக எட்டிப் பார்க்காத மவுத்து வீடுகளுக்கெல்லாம் ஒரே வாரத்தில் ஓதித் தீர்ப்பார்கள்.

ஜெனரலின் ஆள் ஒருவன் துக்க வீடு தேடி எங்கள் தெருவுக்குள் வந்தது ஒரு வியாழக்கிழமை. பாய் விரித்திருந்தது. யார் வீடு என்று கேட்டான். “ஜஹான் தாத் வீடு” என்றது தெரு. அது போதும் என்று ஓடினான்.

சற்று நேரத்தில் ஜெனரலே வந்து இறங்கினார். தலைக்குக் கருஞ்சாயம், பெருத்த வயிறு. ஜஹான் தாத் எழுந்து விறைப்பாக நின்றார். பட்டாளத்தில் மழித்த முகத்தோடு இருந்தவருக்கு இப்போது மருதாணி பூசிய தாடி நெஞ்சு வரை தொங்கியது, முன்பல் ஒன்றுகூட இல்லை. ஜெனரல் அவரைத் தாண்டிப் போய்ப் பாயில் உட்கார்ந்தார். நானும் நூர் தீனும் தெருவில் நாலைந்து பேரும் போய் உட்கார்ந்ததும் கையேந்தினார்.

“காலஞ்சென்ற நம்ம ஜஹான் தாதுக்காக ஓதுவோம்.”

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த ஜஹான் தாதின் கை என் முழங்காலை அழுத்தியது. பிறகு அவரும் கையேந்தினார். தனக்கு ஓதிய பாத்திஹாவுக்குத் தானே ஆமீன் சொன்னார். குரல் பிசகவில்லை.

உள்ளேயிருந்து டீ வந்தது. ஜெனரல் ஒரு வாய் குடித்தார்.

“இஞ்சி இல்ல. அவனும் இப்படித்தான் போடுவான், நல்ல மனுசன். பெரியவரே, நீங்க அவனுக்கு என்ன வேணும்?”

“இந்த வீட்டு ஆளுதான், சாஹிப்.”

“பிள்ளைங்க?”

“ஒரே மகன், சாஹிப்.”

“பட்டாளத்துல சேத்துவிடுங்க. நான் பாத்துக்கறேன்.”

“சேத்தாச்சு, சாஹிப்.”

“ரொம்ப நல்லது” என்று எழுந்தார் ஜெனரல். அவருடைய ஆள் கதவில் வாளிப் படம் ஒட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடினான்.

“சாச்சா, இனிமே உங்களுக்கு ஓட்டு கெடையாது” என்றான் நூர் தீன், பழக்க தோஷத்தில். யாரும் சிரிக்கவில்லை, அவன் உட்பட. நான் ஜஹான் தாத் பக்கம் திரும்பினேன்.

“ஏன் சாச்சா வாய மூடிட்டு இருந்தீங்க?”

“நாலு பேர் இருந்தாங்கப்பா” என்றார்.

ஸாபிரா வெளியே வந்தாள். அந்நிய ஆண்கள் இருந்ததால் அதுவரை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“ஸஜாவல் பேரச் சொன்னாரா?”

“சொன்னார்” என்றார் ஜஹான் தாத். “பேரச் சொல்லித்தான் ஓதினார்.”

கதவு அந்த நேரம் முழுக்க ஒரு சாண் திறந்தேதான் இருந்தது. ஸாபிரா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து பாயின் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகச் சுருட்டினார்கள்.

“அப்ப இனிமே வியாழக்கிழம விரிக்க வேணாமில்ல?” என்றாள்.

“வேணாம்.”