தராசு தொங்கிய தூண்

எங்கள் வீடு முதலில் கடையாக இருந்தது. மலையில் மற்றவர்கள் மண்சுவர் வைத்துக் கட்டிய காலத்தில், மிளகு வாங்க வந்த ஒரு வியாபாரி அடிவாரத்திலிருந்து செங்கல்லைத் தலைச்சுமையாக ஏற்றிக் கட்டியது. அவரிடமிருந்து வாங்கிய அப்பாவும் சாகும்வரை மிளகு வியாபாரமே செய்தார். குறுக்குச் சுவர் இருந்தால் மூட்டை அடுக்க முடியாது என்பதால், முன்கூடத்தில் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர் வரை நீளமான ஒற்றை உத்தரம். கூரைப் பாரம் முழுக்க அதன் மேல். மூட்டையை உருட்டிக்கொண்டு போக வசதியாக அந்தக் கூடத்துக்கு மட்டும் படி கிடையாது. மற்ற அறைகளுக்கெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் படி.

போன வருடம் அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, படியில்லாத முன்கூடத்தைத்தான் அவளுக்காக ஒழித்தேன். நட்டநடுவில் ஒரு மரத்தூண். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதன் கொக்கியில் தராசு தொங்கியது. தராசுக்காக நட்டது என்றுதான் நம்பியிருந்தேன். கடையே போன பிறகு அது எதற்கு, அம்மா வாக்கர் பிடித்து நடந்து திரும்ப இடைஞ்சல். யாரையும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. அரைநாளில் அறுத்து எடுத்துவிட்டேன்.

அம்மா வந்து ஒரு மாதம் இருக்கும். மழை பிடித்துக்கொண்டது. உத்தரம் உட்கார்ந்திருந்த இடத்தில் செங்கல் சுவரில் விரிசல் தெரிந்தது. அது விரிகிறதா என்று பார்க்க அதன் மேல் செய்தித்தாள் துண்டு ஒன்றை ஒட்டினேன். இரண்டாம் நாள் கிழிந்திருந்தது. மறுபடி ஒட்டினேன். மறுநாளே கிழிந்தது. ரோட்டில் லாரி போனால்கூட அண்ணாந்து பார்த்தேன். அம்மாவின் கட்டிலை எதிர்ச் சுவரோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன்.

“ஏஞ்சாமி, கட்டல இழுத்துக்கிட்டே கெடக்கறே?” என்றாள் அம்மா.

“காத்து வரட்டும்னுதாம்மா,” என்று புளுகினேன்.

கொத்தனார் வந்து மேலே பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“ஏனுங்க, நடுவால ஒரு தூணு இருந்திருக்கோணுமே?”

“தராசுத் தூணுங்க. எடுத்துட்டேன்.”

“தராசுக்கா? உத்தரத்துக்கு முட்டுங்க அது! மொதல்ல அம்மாவ வெளிய தூக்குங்க.”

நாற்காலியோடு தூக்கி எதிர்வீட்டில் உட்கார வைத்தோம். கொத்தனார் உள்ளே கம்பங்களால் முட்டுக் கொடுக்கத் தொடங்கினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தூணை எடுத்தது என் தப்புதான் என்று ஒப்புக்கொண்டேன்.

“தெரியுஞ்சாமி. நீ பொறக்கறதுக்கு முன்னாடி உத்தரம் தொய்ஞ்சப்போ உங்கப்பா வெச்சது. தராசு அப்பறந்தான் மாட்டுனாரு.”

“தெரிஞ்சும் ஏம்மா சொல்லலே?” கத்தியே விட்டேன்.

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். “எனக்கோசரம் ஆசையா அத எடுத்துட்டு எடம் பண்ணி வெச்சிருந்தே. சொன்னா இப்படித்தான கத்துவே.”

அந்த உத்தரத்துக்குக் கீழே ஒரு மாதம் படுத்திருந்தவளுக்கு, என் கோபம்தான் அதைவிடப் பெரிய பயமாக இருந்திருக்கிறது.