விதை உளுந்து வடை

எங்கள் வீட்டில் உளுந்துக்கு இரண்டு பானை. சமையல் பானையில் காய்ந்த நொச்சி இலையைப் போட்டு வைப்பார்கள்; வண்டு அண்டாது. விதைக்கு எடுத்து வைத்த பானைக்கு மட்டும் வேப்பெண்ணெய். எத்தனை தண்ணீரில் கழுவினாலும் அந்தக் கசப்பு விடாது, அதனால் அடுப்பங்கரைக்கு அந்தப் பானை வந்ததே இல்லை. எண்ணெயை ஊற்றிப் பிசறுவது அத்தையின், அதாவது அப்பாவுடைய தங்கையின், வேலை. கை கசக்குமென்று அன்று முழுக்க நான்தான் அவளுக்குச் சோறு ஊட்டுவேன். எனக்கு அது பெரிய உத்தியோகம்.

அத்தை அப்போது கிளியனூரிலிருந்து பஸ் ஏறிப் போய்த் திண்டிவனத்தில் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயம் பார்த்து விழுப்புரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. கல்யாணம் ஆனால் படிப்பை நிறுத்திவிட வேண்டுமாம். அத்தை எவ்வளவோ கெஞ்சியும் அப்பா அசையவில்லை. பிறகு என்ன நினைத்தாளோ, அழுகையை நிறுத்திவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தானே வடை சுடுவதாகச் சொன்னாள். அவள் மனசு மாறிவிட்டதென்று வீடே நிம்மதியானது.

வந்தவர்கள் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு வடையைக் கடித்தார், விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஃபேனைப் பார்த்தார். அவருடைய அம்மாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

“இன்னாங்க இது, வடை இப்டி கசக்குது?”

அம்மா உள்ளே ஓடிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பானை மாறிப்போயிருந்தது. அப்பா என்னென்னவோ சமாதானம் சொன்னார். விதைக்கு எது, சோற்றுக்கு எது என்று தெரியாத பெண் தங்களுக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அத்தை கிணற்றடியில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. எனக்குத் தாங்கவில்லை. மிச்சமிருந்த வடையில் ஒன்றை எடுத்துப் போய் அவள் எதிரிலேயே முழுசாகத் தின்று காட்டினேன்.

“நல்லாத்தான் கீது அத்தே. அழுவாத.”

அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு முன்னைவிட அதிகமாகக் குலுங்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.

இப்போது அத்தை கண்டமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேப்பெண்ணெய் வாடை எங்கே வந்தாலும் எனக்கு அந்தக் கிணற்றடிதான் ஞாபகம் வருகிறது. எண்ணெய் பிசறிய கைக்குப் பானை எப்படி மாறும் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அழுதது நான் மட்டும்தான் என்பதும் தெரியவில்லை.