ஐந்தருவிப் படமும் ஓர் ஓட்டும்

சாரல் பிடித்த ஆனி மாதத்தில், ஒரு பை மங்குஸ்தானோடு ஓர் ஓவியர் தென்காசியில் எங்கள் வீட்டுப் படியேறினார். மதுரைக்காரர். அதற்கு முன் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

"ஏட்டி, சும்மா எவனும் பழம் வாங்கிட்டு வரமாட்டான். பாத்துப் பேசு" என்று அடுக்களையில் வந்து கிசுகிசுத்தார் என் வீட்டுக்காரர். போலீஸில் ஓய்வு பெற்றவர். பால்காரரையே விசாரித்துத்தான் பால் வாங்குவார். இந்த முறை எனக்கும் அதே சந்தேகம்தான்.

காரணம், தேசியக் கலை அகாடமித் தேர்தல். பணம் அரசாங்கத்தினுடையது, நிர்வாகம் ஓவியர்களாகிய எங்களுடையது. எது நல்ல படம் என்று அதிகாரிகள் சொல்லக் கூடாது, ஓவியர்களே சொல்லட்டும் என்றுதான் அதைத் தொடங்கினார்கள். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நாங்கள் தபாலில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஆட்கள்தான் தேசியக் கண்காட்சிக்குப் படம் பொறுக்குவார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவன் எவனாவது படத்தைக் குறை சொல்வானா? பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்துகொண்டே நான் வரைந்த ஐந்தருவிப் படத்தை, வந்த வேட்பாளர்கள் எல்லோரும் 'அபாரம்' என்றார்கள். அதைக் கண்காட்சிக்கு அனுப்பலாமா கூடாதா என்றுதான் எனக்குத் தெரியவே இல்லை. எரிச்சலாக வந்தது.

இவரும் படத்தின் முன்னால் நின்று, "அபாரம் டீச்சர்!" என்றார்.

"போன வாரமே ஓட்டைப் போட்டு அனுப்பிட்டேனே சார், வேற ஒருத்தருக்கு" என்றேன். பச்சைப் பொய்.

மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. பழத்தைத் திரும்பக் கேட்பாரோ என்றுகூட நினைத்தேன். செருப்பை மாட்டப் போனவர் திரும்பி வந்தார்.

"அருவியோட கடைசிக் கிளையில தண்ணி விழலையே டீச்சர். வேட்டி காயப்போட்ட மாதிரி தொங்குது."

சுருக்கென்றது. ஓட்டு இல்லை என்றதும் வாய் நீளுகிறதா?

"வயித்தெரிச்சல்ல சொல்லுதான். விட்டுத்தள்ளு" என்றார் வீட்டுக்காரர், ஓவியர் போனதும்.

விட முடியவில்லை. மறுநாள் ஐந்தருவிக்குப் பஸ் ஏறினேன். பஜ்ஜிக் கடை ஓரமாக நனைந்தபடி நின்று பார்த்தேன். அங்கே தண்ணீர் விழுந்தது. என் படத்தில் விழவில்லை. பாவி மனுஷன் சொன்னது சரி. அழுகையே வந்துவிட்டது.

இப்போது அந்தக் கிளையைச் சுரண்டிவிட்டு மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன். ஓட்டை அந்த மதுரைக்காரருக்குத்தான் போட்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. விஷயம் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தால், அடுத்த முறை அந்த ஆளும் என் படத்தை அபாரம் என்று சொல்லிவிடுவார்.