மிர்லானைச் சுமந்தவன்

இது நடந்தது. கட்டுக்கதை என்பவர்கள் எங்கள் தலைநகர் பிஷ்கெக்குக்கு வந்து எசென்பெக்கைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். ஆள் உயிரோடுதான் இருக்கிறான். பட்டப்பகலில், முற்றம் நிறைய ஜனம் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது நடந்தது. எல்லாரும் பார்த்தார்கள். கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கண்ணால் பார்த்ததை மறப்பது எங்கள் ஊருக்குக் கைவந்த கலை.

ஏப்ரல் புரட்சியன்று, அரசாங்கத்தை எதிர்த்துச் சதுக்கத்தில் கூடிய ஜனத்தைச் சுட்டார்கள். செத்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். சாகாதவர்களில் பாதிப் பேர் ஒரே மாதத்தில் மாவீரர்கள் ஆனார்கள். எசென்பெக் அதில் முதல் ரகம். அன்று அவன் முதுகில் எதையோ சுமந்துகொண்டு ஓடியது உண்மைதான். கடையை உடைத்து எடுத்த வாஷிங் மெஷின் அது. தெருவே பார்த்தது. இன்றைக்கும் அவன் வீட்டில் அதில்தான் துவைக்கிறார்கள்.

முதல் நினைவு நாளில், மிர்லான் என்ற வெல்டர் குண்டு பட்டு விழுந்ததைப் பார்த்தேன் என்றான். பிறகு தாங்கிப் பிடித்தேன் என்றான். அதற்கும் பிறகு, முதுகில் சுமந்தே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தான். "கொடியை விட்டுடாதீங்க" என்பதுதான் மிர்லானின் கடைசி வார்த்தையாம். மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பதக்கம் வந்தது, வீடு வந்தது. இனித் தேர்தலில் சீட்டு வேண்டும். அதற்கு மிர்லானின் மனைவி அனார்குல் கேமரா முன்னால், "என் புருஷனைச் சுமந்தவர் இவர்தான்" என்று சொல்ல வேண்டும்.

அனார்குல் இத்தனை வருடமும் வாயே திறக்கவில்லை. புருஷன் கடைசியில் என்ன சொன்னான் என்று தெரியாமலே அவள் காலம் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு நாளும் கொடியைப் பற்றிப் பேசாத மனுஷன் சாகும்போது மட்டும் பேசினான் என்று நம்ப அவள் என்ன மந்திரியா?

போன ஏப்ரலில் நினைவு நாளன்று எண்ணெய் காய வைத்து ரொட்டி பொரித்தாள். அந்த வாசனைதான் இறந்தவர்களுக்குச் சாப்பாடு. வாசனை பிடித்து வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார்கள். எங்கள் குழந்தைகளுக்குக்கூட இது தெரியும். எசென்பெக்குக்கும் தெரியும். இருந்தும் வெள்ளைத் தொப்பியும் பதக்கமுமாக, டிவிக்காரப் பெண்ணோடு வந்து சட்டமாக உட்கார்ந்தான்.

"அக்கா, ரெண்டே வார்த்தை சொன்னா போதும்."

"நீங்க மொதல்ல சொல்லுங்க தம்பி. கேக்கறேன்."

கேமரா ஓடியது. வாயும் ஓடியது. போகிற வேகத்தில் புதிதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டான்.

"சுமந்தது மட்டுமா? மய்யத்தக் குளிப்பாட்டினதும் இந்தக் கைதான்."

குளிப்பாட்டியவர்களுக்கு இறந்தவரின் உடுப்பில் ஒன்றைக் கொடுப்பது எங்கள் முறை. மிர்லானைக் குளிப்பாட்டியவர்கள் அவனுடைய மச்சான்கள். அவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்க டீயைக் குடித்தான், புரையேறிவிட்டது.

"அப்படியா? சொல்லவே இல்லையே," என்றாள் அனார்குல். "உங்க பங்கக் குடுக்காம விட்டுட்டனே."

உள்ளே போய் மிர்லானின் கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்தாள். "போட்டுக்குங்க."

செய்யாத வேலைக்கு இறந்தவன் உடுப்பை வாங்கக் கூடாது. வேண்டாம் என்றாலோ குட்டு உடைந்துவிடும். எசென்பெக் கேமராவைப் பார்த்தான். போட்டுக்கொண்டான்.

கோட்டு லேசாகத்தான் இருந்தது... முதலில்.

பிறகு... தொப்.

முதுகில் எதுவோ ஏறியது. திரும்பினான். யாருமில்லை. வெயில். எண்ணெய்ப் புகை. அவ்வளவுதான்.

"கடைசியா என்னண்ணே சொன்னாரு?" என்று கேட்டாள் டிவிக்காரப் பெண்.

கொடி என்று சொல்ல வாயைத் திறந்தான். பிடரியில் மூச்சு பட்டது. இழுத்து இழுத்து விடும் மூச்சு. கொர்... கொர்...

கழுத்தைச் சுற்றி இரண்டு கைகள்.

அவன் வாய் பேசியது. குரல் அவனுடையது இல்லை.

"மெதுவாப் போப்பா... ஒரு ஷூ கழண்டு விழுந்துருச்சு... புதுசு... அனார் திட்டுவா..."

அனார்குல் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

உடல் வீட்டுக்கு வந்தபோது ஒரு காலில்தான் ஷூ இருந்தது. கழற்றி ஒளித்தவள் அவள். யாரிடமும் சொன்னதில்லை.

"அவருதான்," என்றாள். "அவரு பேச்சுதான் இது." உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

எசென்பெக் முட்டி மடங்கிக் கீழே போனான். கோட்டைக் கழற்றி எறிந்தான். பாரம் இறங்கவில்லை.

"நான் தூக்கல... வாஷிங் மெஷினத்தான் தூக்கினேன்... அக்கா, எறங்கச் சொல்லுங்க..."

டிவிக்காரப் பெண் குனிந்து அவன் தோளைத் தட்டினாள். "கவலப்படாதீங்கண்ணே, மெஷின் கதைய வெட்டிடறேன். ஷூ பிரமாதம். ஜனங்க அழுதுடுவாங்க."

அழுதார்கள். சீட்டு கிடைத்தது. ஜெயித்தும் விட்டான். பதவியேற்ற மேடையிலேயே, கூனிக்கொண்டு நின்று, "நான் யாரையும் சுமக்கல, நான் திருடன்" என்றான். என்ன ஒரு தன்னடக்கம் என்று எழுந்து நின்று கை தட்டினார்கள். புரட்சியாம், நினைவாம். உண்மை வந்து காலில் விழுந்தாலும் எங்கள் ஜனம் கை தட்டித்தான் அனுப்பும்.

அனார்குல் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினான்.

"எனக்கு வேண்டியது கெடச்சிருச்சு," என்றாள் அவள். "உங்களுக்கு வேண்டியதும் கெடச்சிருச்சு. அப்புறம் என்ன?" கதவைச் சாத்தினாள்.

முதுகு வலிக்கு டாக்டர்கள் படம் எடுத்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். போன மாதம் வேறொரு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போயிருக்கிறான். அந்த நர்ஸ் வெளியூர்க்காரி, அவன் யாரென்றே தெரியாது. எடை மெஷினில் ஏறச் சொன்னாள். முள்ளைப் பார்த்தாள். முகம் சுளித்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"பின்னால ஏறி நிக்கிறவரு கொஞ்சம் எறங்குங்க. ஒவ்வொருத்தராத்தான் பாக்கணும்."