புள்ளி அழித்த நோட்ஸ்

கிளாசிக்கல் மெக்கானிக்ஸைத் தனியாகப் படிக்க என்ன வழி என்று யாரிடமும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். தபால் வழி எம்.எஸ்சி. இயற்பியலில் அந்த ஒரு தாள் மட்டும் இரண்டு முறை போய்விட்டது. மூன்றாவது முறையும் போனால் பாடத்திட்டம் மாறிவிடும், எல்லாத் தாளும் மறுபடி முதலிலிருந்து. அதற்கு விடமாட்டோம், கல்வராயன் மலையிலேயே இருந்து மரவள்ளி பிடுங்கு என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. பஸ் திரும்பும் வளைவில் பாறை மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். அங்கே நின்று இணையத்தில் கேட்டேன். ஒருவன் பதினெட்டுப் புத்தகங்களைப் பட்டியல் போட்டான். இன்னொருவன் அதெல்லாம் குழந்தைகளுக்கு என்று வேறு பதினெட்டு போட்டான். இரண்டு பேரும் ஒன்றைக்கூட முடித்திருக்க மாட்டார்கள். முடித்தவன் பட்டியல் போட மாட்டான், ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவான். வீடியோவில் ஒரு பேராசிரியர் திரையில் இருந்ததையே முக்கால் மணி நேரம் வாசித்தார். கஷ்டமான இடம் வந்ததும், இது எளிது, நீங்களே செய்து பாருங்கள் என்று தாண்டிவிட்டார். எளிதென்றால் நீ செய்ய வேண்டியதுதானே.

நேர்முக வகுப்பு எடுத்தவர் இன்னும் மேல். புத்தகமெல்லாம் வேண்டாம், கள்ளக்குறிச்சியில் இன்ன ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் கிடைக்கும், அதை மனப்பாடம் செய்யுங்கள் என்றார். எங்கள் பக்கத்தில் இதுதான் படிப்பு. நோட்ஸை எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. மாஸ்டர் காப்பி கிழிந்தால் கடைசியாக எடுத்த ஜெராக்ஸே அடுத்த மாஸ்டர் ஆகிவிடும். வாங்கினேன்.

எனக்கு மனப்பாடம் வராது. அதனால்தான் இரண்டு முறை போயிற்று. இந்த முறை புரிந்துகொண்டுதான் எழுதுவேன் என்று உட்கார்ந்தேன். கயிற்றில் ஆடும் பாரத்தை நோட்ஸில் இருந்த சமன்பாட்டில் போட்டேன். விடைப்படி, ஒரு பக்கம் தள்ளிய பாரம் திரும்பி வரவில்லை. போய்க்கொண்டே இருந்தது. மூன்று வாரம் அதையே திருப்பித் திருப்பிப் போட்டேன். என் மூளைதான் மட்டம் என்று நினைத்து அழுததும் உண்டு.

பிறகு மரவள்ளி எடை போடும் நாள் வந்தது. பலா மரக்கிளையில் தராசைக் கட்டி மூட்டையை மாட்டியிருந்தார்கள். நான் அதைத் தள்ளினேன். போனது, வந்தது, போனது, வந்தது. எடை நிற்கவில்லை என்று வியாபாரி திட்டினார். திட்டட்டும். தப்பு என் மேல் இல்லை, நோட்ஸ் மேல்.

வீட்டுக்கு வந்து தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சில எழுத்துகளின் தலைக்கு மேல் மட்டும் அச்சு வெளுத்திருந்தது. மறுநாளே பஸ் பிடித்து இறங்கி, கடையில் மாஸ்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்த இடங்களில் எல்லாம் ஒயிட்னர் பூசியிருந்தது.

"அது நான் பூசுனதும்மா," என்றார் கடைக்காரர், பெருமையாக. "எழுத்துக்கு மேல புள்ளி புள்ளியா அழுக்கு. மிஷின் கண்ணாடியில தூசு இருந்தா அப்படித்தான் உழும். ஒவ்வொண்ணா உக்காந்து அழிச்சேன். எவ்ளோ நீட்டா கீது பாரு."

"அந்தப் புள்ளிதான், பாய், வேகம். எழுத்து இருக்கிற இடம்னா, மேல புள்ளி வச்சா அது நகர்ற வேகம். அது இல்லன்னா ஆடுற மூட்டை திரும்பி வராது."

அவர் ஒயிட்னர் பூசிய ஓர் இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "அப்ப அஞ்சு வருசமா எவனுக்கும் மூட்டை திரும்பி வர்லியா? எல்லாரும் பாஸாயினுதானே கீறாங்க?"

அவரை நான் திட்டவில்லை. அவர் கடை நடத்துகிறார், இயற்பியல் நடத்தவில்லை. ஐந்து வருடம் இதை எழுதி மார்க் வாங்கியவர்களையும் திருத்தி மார்க் போட்டவர்களையும்தான் கேட்க வேண்டும். ஒருவர்கூட மூட்டையைத் தள்ளிப் பார்க்கவில்லை.

சிவப்புப் பேனா வாங்கி, மாஸ்டர் முழுக்க நானே யோசித்து யோசித்துப் புள்ளி வைத்தேன். ஒரு பகல் முழுக்க ஆனது. அவர் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு நாளில் படித்த அளவு இரண்டு வருடத்தில் படித்ததில்லை.

தேர்வில் அதே கேள்விதான் வந்தது. புள்ளியோடு எழுதினேன். ஐம்பத்திரண்டு மார்க், பாஸ். பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி இல்லாமல் எழுதியவளுக்கு எழுபத்தொன்று. அவள் இப்போது ஒரு தனியார் கல்லூரியில் இதே பாடம் நடத்துகிறாள்.

போன மாதம் வேறு வேலையாக அந்தக் கடைக்குப் போனேன். நோட்ஸ் இரண்டு கட்டாக இருந்தது, புள்ளி வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று. ஏன் என்று கேட்டேன்.

"பசங்க பழசையே கேக்கறாங்கம்மா. பழைய ஜெராக்ஸ் ஒண்ணையே மாஸ்டரா வச்சிக்கினேன். அதுலதான் மார்க் ஜாஸ்தி வருதாம்."

என் கட்டு அடியில் கிடந்தது, பிரிக்காமல்.